பழைய 330ஐ காரின் ஆயில் கசிவு: சொட்டிய இடம் வேறு, கசிந்த இடம் வேறு

காருக்கு அடியில் விரித்த அட்டை இப்போதெல்லாம் காய்ந்தே கிடக்கிறது. இந்த நிலைக்கு வர எடுத்த பாதை நேரானதாக இல்லை. இதே எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எதற்குப் பின் எதைச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

கார், பிஎம்டபிள்யூ இ46 வரிசையின் 330ஐ. எஞ்சின் எம்54. 2,979 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 231 குதிரைத்திறன். இருபது வயது தாண்டிய கார். அந்த வயதில் எந்தக் காரிலும் ரப்பர் ரப்பராக இருக்காது. இந்த எஞ்சினில் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 97 டிகிரியில் திறக்கும் வகை. எரிபொருள் சிக்கனத்துக்காகச் சற்றுச் சூடாகவே ஓட வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் இருபது வருடம் வெந்த கேஸ்கெட் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தைக் கசியாமல் அடைக்கும் ரப்பர்) இறுகிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

அறிகுறிகள் மூன்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு. சிக்னலில் நிற்கும்போது ஏசி துவாரம் வழியாக எரிந்த ஆயில் வாசனை. டிப்ஸ்டிக்கில் மெல்ல இறங்கும் அளவு. சொட்டுகிற இடத்தைப் பார்த்ததுமே ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ரியர் மெயின் சீல், கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையம் அது. அடியில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கு இடித்தது ஒரே ஒரு விஷயம். எஞ்சினின் இடது பக்கச் சுவரில், அந்த இணைப்பைவிட உயரத்திலும் ஆயில் படலம் இருந்தது. கிராங்க் சீலில் கசிகிற ஆயில் கீழே இறங்கும். முன்பக்கமாக மேலேறி ஆல்டர்னேட்டரை நனைக்காது. மேலே ஈரம் இருக்கிறது என்றால் மேலேயே ஒரு கசிவு இருக்கிறது. அதை முடிக்காமல் கீழே உள்ளதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முதல் வேலை கழுவுவது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை. வருடக்கணக்கில் படிந்த ஆயிலும் தூசியும் சேர்ந்த களிம்புக்கு நடுவில் புதுக் கசிவைக் கண்டுபிடிக்கவே முடியாது. அடித்தட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். அதன் மேல்பக்க வரிப்பள்ளங்களில் ஆயில் தேங்கி நின்றது. கார் ஓடும்போது அது பின்னால் வழிந்து, கசிவே இல்லாத இடங்களையும் நனைத்திருக்கிறது. ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பாலிதீன் பையால் மூடிக் கட்டி, குளிர்ந்த எஞ்சினில் டீகிரீசர் அடித்து, பழைய பல்துலக்கியாலும் நீளக் கைப்பிடி பிரஷாலும் தேய்த்தேன். மூலைகளுக்கு மட்டும் பிரேக் கிளீனர். அதைச் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும். ரப்பர் குழாய்கள் மேலும் அடிக்கக் கூடாது.

அடுத்தது, கசிவது எது என்று பார்ப்பது. எல்லாக் கசிவும் எஞ்சின் ஆயில் இல்லை. வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இடமாக ஒற்றி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஆயில் பழுப்பாக வரும். இந்தக் காரில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுவது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அது சிவப்பு. ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும். இடது முன்பக்கத்தில் ஒற்றிய தாளில் இரண்டு நிறமும் வந்தது. ரிசர்வாயர் அடியில் குழாயை இறுக்கியிருந்த பழைய அமுக்குக் கிளிப்புகள் தளர்ந்து, ஏடிஎஃப் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. திருகு வகைக் கிளாம்ப் இரண்டு வாங்கி மாற்றினேன். இந்த மொத்தக் கதையிலேயே சுலபமாக முடிந்தது அது ஒன்றுதான். அதை விட்டிருந்தால் பின்னால் செய்த எல்லாச் சோதனையும் குழம்பியிருக்கும்.

அதற்கப்புறம் புற ஊதாச் சாயம். எஞ்சின் ஆயிலில் கலப்பதற்கென்றே விற்கிறார்கள். பாட்டிலில் சொன்ன அளவை ஊற்றி, சாதாரணமாகக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியுமாகப் பார்க்க வேண்டும். ஆயில் இருக்கும் இடம் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக ஒளிரும். இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. சாயம் ஊற்றும்போது மூடியைச் சுற்றிச் சிந்தினால் அதுவும் ஒளிரும், துடைத்துவிட வேண்டும். சில கூலன்ட்களும் தாமாகவே ஒளிரும். அதனால் ஒளி தெரிந்த இடத்தையெல்லாம் ஆயில் என்று எடுத்துக்கொள்ளாமல், விரலால் தொட்டுப் பிசுபிசுப்பையும் பார்க்க வேண்டும்.

இரண்டு ஊற்றுகள் தெரிந்தன. ஒன்று, வால்வ் கவரின், அதாவது எஞ்சினின் மேல்மூடியின், பின்புற வலது மூலை. அதற்கு நேர் கீழே எக்ஸாஸ்ட். வாசனை அங்கிருந்துதான். கேபின் ஃபில்டர் பெட்டி எஞ்சினுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பதால் புகை நேராக உள்ளே வருகிறது. இன்னொன்று, இடது முன்பக்கத்தில் ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் எஞ்சின் பிளாக்கோடு சேரும் கோடு. அங்கிருந்து கிளம்பிய மஞ்சள் ஒளி ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மேல் விழுந்து, பிளாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சம்ப்பின் (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மேல் உதடு வழியாகப் பின்னால் ஓடி, கியர்பாக்ஸ் முனையில் போய்ச் சொட்டாக நின்றது. ரியர் மெயின் சீல் என்று சொல்லப்பட்ட அதே இடம். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுஸிங்கின் துளை வழியாகச் சின்ன எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்தேன். உள்ளே கிளட்ச் தூசிதான் இருந்தது, ஈரம் இல்லை.

முதலில் வால்வ் கவரை எடுத்துக்கொண்டேன், கைக்கு எட்டுவது அதுதான் என்பதால். கேபின் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால்தான் பின்புற போல்ட்டுகளுக்குக் கை போகும். ஆறு இக்னிஷன் காயில்களையும் எந்த சிலிண்டருக்கு எது என்று குறித்துக் கழற்றி வைத்தேன். ஸ்பார்க் பிளக் குழிகளிலும் கொஞ்சம் ஆயில் இருந்தது. உள்பக்கக் கேஸ்கெட்டும் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். கவர் பிளாஸ்டிக், அதனால் நெம்பாமல் மூலை மூலையாக அசைத்து எடுக்க வேண்டும். எடுத்ததும் திருப்பிப் போட்டு, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். விரிசல் இருந்தால் புதுக் கேஸ்கெட்டில் பயனில்லை.

சீலன்ட் விஷயத்தில் என் கட்சி: குறைவாகப் போட வேண்டும். பின்னால் இருக்கும் அரைவட்டங்களின் மூலைகள், முன்னால், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வேனாஸ் யூனிட்டும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் கோடுகள், அவ்வளவுதான். அங்கே ஒரு சின்னப் புள்ளி போதும். கேஸ்கெட் முழுக்கச் சுற்றிப் பூசுகிறவர்கள் உண்டு. பிதுங்கி உள்ளே விழுகிற துணுக்கு ஆயிலோடு சுற்றி எங்கே போய் அடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. போல்ட்டுகளின் ரப்பர் வாஷர்களையும் மாற்றினேன். கவரை அழுத்திப் பிடிப்பதே அவைதான், அவை இறுகியிருந்தால் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் கேஸ்கெட் மேல் அழுத்தம் போகாது. இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. இதற்குக் கால் அங்குல டிரைவ் கொண்ட சின்ன டார்க் ரெஞ்ச் வேண்டும். பெரிய ரெஞ்சில் 10 என்பது அளவுகோலின் அடிமட்டம், நம்ப முடியாது.

வாசனை நின்றது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. டார்ச் அடித்தால், புதுக் கேஸ்கெட் போட்ட அதே பின் மூலையில் மறுபடியும் மஞ்சள் கோடு.

கேஸ்கெட் சரியாக உட்காரவில்லையோ என்று கழற்றத் தோன்றியது. அதற்கு முன் ஒன்றை அளந்துவிடலாம் என்று நின்றேன், அங்கேதான் கதை திரும்பியது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் சேரும். அதை இழுத்து இன்டேக்குக்குள் திருப்பிவிட ஒரு வால்வும் நாலைந்து குழாய்களும் இருக்கின்றன. அந்த அமைப்பு சரியாக வேலை செய்தால் எஞ்சின் உள்ளே லேசான உறிஞ்சல் இருக்கும். அப்போது சுமாரான கேஸ்கெட்கூடக் கசியாது, காற்றுதான் உள்ளே போகப் பார்க்கும். அமைப்பு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த மூட்டு பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அப்படிப்பட்ட எஞ்சினில் ஒரு கேஸ்கெட்டை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் கசியும், அவ்வளவுதான்.

அளக்கும் கருவியை நானே செய்தேன். ஒரு பழைய ஆயில் மூடியில் துளை போட்டு ஒரு சின்ன நிப்பிளைப் பொருத்தி, தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். குழாயை ஒரு பலகையில் U வடிவில் கட்டி, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர், பக்கத்தில் ஒரு ஸ்கேல். இந்த எஞ்சினில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 10 முதல் 15 மில்லிபார் உறிஞ்சல் இருக்க வேண்டும். ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், அதனால் கணக்குப் போடவே வேண்டாம்: இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 10 முதல் 15 செ.மீ. வித்தியாசம். குழாயை மட்டும் தாராளமான உயரத்துக்குக் கட்டுங்கள். வால்வின் டயாபிராம் கிழிந்திருந்தால் உறிஞ்சல் மிக அதிகமாகிவிடும். குழாய் குட்டையாக இருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும்.

எஞ்சின் சூடானதும் மூடியை மாட்டினேன். ஐடிலில் தண்ணீர் அசையவே இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் எதிர்ப்பக்கம் ஏறியது. உறிஞ்ச வேண்டிய இடத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

இனி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும். கிராங்க் கேஸ் வாயுவை இழுக்கும் அந்த வால்வு மேனிஃபோல்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றாமல் கையை வளைத்து மாற்றுகிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், பழைய குழாய் உடைந்து எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. பேட்டரியின் நெகடிவை முதலில் கழற்றுங்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அப்புறம் எரிபொருள் அழுத்தத்தை இறக்கிவிட்டு ஃப்யூயல் ரெயில், பிறகு மேனிஃபோல்டு. நட்டுகள் 11 மி.மீ., பல டூல் பெட்டிகளில் இல்லாத சைஸ், முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு வெளியே வந்த கணமே ஆறு இன்டேக் துளைகளையும் டேப்பால் மூடினேன். ஒரு சின்ன நட் உள்ளே விழுந்தாலும் அடுத்து ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

குழாய்கள் தொட்டதும் உலர்ந்த சுள்ளி போல ஒடிந்தன. உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, மயோனைஸ் பதத்தில் அடைப்பு. ஆயிலும் ஈரப்பதமும் கலந்த கூழ் அது. எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன்பே அணைத்துவிடும் குறும்பயணங்களில்தான் இது சேரும். வால்வில் பிரிந்த ஆயில் டிப்ஸ்டிக் குழாய் வழியாக சம்புக்குத் திரும்ப வேண்டும். அதற்கான பாதை மிகவும் குறுகல், அதுவும் அடைத்திருந்தது. வால்வையும் குழாய்களையும் மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் பாதி வேலைதான் ஆகும். டிப்ஸ்டிக் குழாயை முழுதாக வெளியே எடுத்து, பிரேக் கிளீனர் ஊற்றி, மெல்லிய கம்பியால் குத்தி, மறுமுனையில் தாராளமாக ஒழுகும் வரை சுத்தம் செய்தேன். அடியில் இருக்கும் ஓ-ரிங்கும் புதிது.

மேனிஃபோல்டு வெளியே இருக்கும்போது ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அதனால் அதையும் அப்போதே முடித்தேன். பெல்ட், ஆல்டர்னேட்டர் இரண்டும் வெளியே வர வேண்டும், பவர் ஸ்டீயரிங் பம்பை அவிழ்த்து ஓரமாகக் கட்டினால் போதும், குழாயைப் பிரிக்கத் தேவையில்லை. ஆல்டர்னேட்டர் போல்ட் 16 மி.மீ., ஹவுஸிங்கின் போல்ட்டுகள் 13. போல்ட்டுகள் கலந்துவிடாமல் இருக்க, ஒரு அட்டையில் ஹவுஸிங்கின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். கழற்றும்போது உள்ளே தேங்கிய ஆயில் கொட்டும். கீழே துணி அடைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேஸ்கெட் வெளியே வந்தபோது அது ரப்பரா பிளாஸ்டிக்கா என்று சொல்ல முடியாத நிலை. பள்ளத்துக்கு மேலே எழும்பி நிற்க வேண்டிய விளிம்பு, உலோகத்தோடு ஒரே மட்டமாக நசுங்கியிருந்தது. உலோக முகங்களைச் சுத்தம் செய்யப் பிளாஸ்டிக் சுரண்டியும் பிரேக் கிளீனர் நனைத்த துணியும் மட்டும்தான். ட்ரில்லில் மாட்டும் உராய்வு வட்டை இங்கே கொண்டுவரவே கூடாது. அதன் துகள் போகும் பாதை நேராக பேரிங்குகளுக்கு. புதுக் கேஸ்கெட்டுக்குச் சீலன்ட் கிடையாது, காய்ந்தபடியே உட்கார வேண்டும். போல்ட்டுகள் 22 நியூட்டன் மீட்டர். வேனாஸுக்குப் போகும் ஆயில் குழாயின் இரண்டு பக்க வாஷர்களையும் மாற்றி 32. ஃபில்டர் மூடி 36 மி.மீ. சாக்கெட்டில் 25. ஆயில் பிரஷர் சுவிட்ச் இந்த ஹவுஸிங்கிலேயே இருப்பதால் அதையும் துடைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது, விட்டுவிட்டேன். பெல்ட்டை மட்டும் விடவில்லை. ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்து மாட்டுவது வீண் சிக்கனம், அது வழுக்கும், வீங்கும், ஒரு நாள் கழன்றுகொள்ளும்.

எல்லாம் மாட்டி 6.5 லிட்டர் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது ஆயில் பிரஷர் விளக்கு வழக்கத்தைவிடச் சில நொடி அதிகம் எரிந்தது. ஹவுஸிங் காலியாக இருந்ததால் அது இயல்புதான், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். சூடானதும் அதே U குழாய். 12 செ.மீ., உறிஞ்சும் பக்கமாக. அந்த ஸ்கேலைப் பார்த்த பிறகுதான் வால்வ் கவரின் பின் மூலையை மறுபடியும் கழுவினேன். கேஸ்கெட்டைத் தொடவில்லை. அந்த மூலை இதுவரை நனையவில்லை.

செலவு. ஹவுஸிங் கேஸ்கெட்டின் விலை நல்ல ஆயில் ஒரு லிட்டரைவிடக் குறைவு. வால்வ் கவர் செட் அதைவிடச் சில மடங்கு, வால்வும் குழாய்களும் சேர்ந்த செட்தான் இருப்பதிலேயே விலை கூடியது. இன்டேக் கேஸ்கெட், பெல்ட், வாஷர்கள், ஆயில், சாயம், டார்ச் எல்லாம் சேர்த்தாலும், கியர்பாக்ஸை இறக்க எனக்குச் சொன்ன கூலியைத் தொடவில்லை. U குழாய்க்கு ஆன செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நேரம்தான் உண்மையான செலவு, அதில் பெரும்பங்கு கழுவுவதற்கும் மேனிஃபோல்டு அடியில் இருக்கும் ஒயர் இணைப்புகளை உடைக்காமல் கழற்றுவதற்கும் போனது. இந்த வயதுக் கனெக்டர்களின் பிளாஸ்டிக் பூட்டை அழுத்தினால் அப்படியே உதிரும். ஹீட் கன்னில் லேசாகச் சூடு காட்டிவிட்டு அழுத்தினால் பிழைக்கிறது.

அடுத்த முறை இதே எஞ்சினில் கசிவு என்று யாராவது கூப்பிட்டால் ஸ்பேனரைத் தொடும் முன் அந்தத் தண்ணீர்க் குழாயை மாட்டுவேன். அளவு சரியாக இருந்தால் கழுவி, சாயம் ஊற்றி, உயரத்தில் இருக்கும் கசிவிலிருந்து கீழ்நோக்கி. அளவு தவறாக இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி வால்வு, டிப்ஸ்டிக் குழாய், ஹவுஸிங் மூன்றையும் ஒரே தடவையில். வால்வ் கவர் அதற்குப் பிறகுதான். மேனிஃபோல்டு வெளியே இருக்கும்போது அதன் அடியில் ஓடும் கூலன்ட் குழாய்களையும் மாற்றியிருக்கலாம். நான் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டேன், இப்போது அவை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

கசிவு முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. சம்ப் அடியில் ஆயில் லெவல் சென்சாரைச் சுற்றி ஒரு ஈரம் தெரிகிறது. அது சொட்டும் அளவுக்குச் சேர்வதில்லை, அடுத்த ஆயில் மாற்றும்போது சென்சாரின் கேஸ்கெட்டை மாற்றினால் போகும் என்று நினைக்கிறேன். சம்ப் கேஸ்கெட் வேறு விஷயம். எஞ்சினை மேலிருந்து தூக்கிப் பிடித்து, எஞ்சினைத் தாங்கும் முன் சப்ஃப்ரேமை இறக்கினால்தான் அது கழலும். இப்போதைக்கு அதன் விளிம்பை டார்ச்சில் பார்த்துக்கொண்டு வருகிறேன். ரியர் மெயின் சீலை என்றைக்காவது கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்காக மட்டும் இறக்கப் போவதில்லை.